ஓடாத டயருக்கும் முதுமை உண்டு



மனித நாகரிகத்தின் வளர்ச்சியில் சக்கரத்திற்குத் தனியோர் இடம் உண்டு. ஆழி என்றும், திகிரி என்றும், நேமி என்றும், உருளி என்றும் பல பெயரிட்டு அதனை அழைத்தது நம் தமிழ். வள்ளுவப் பெருந்தகை உருண்டோடும் தேரைக் காட்டி, அதன் அச்சாணியை உவமையாக ஆண்டார். நெடுவழி செல்லும் உப்பு வணிகராகிய உமணர், இடைவழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்னரே எண்ணி, வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைப் பிணைத்துச் சென்றனர். அதனைச் 'சேம அச்சு' எனப் புறநானூற்றில் ஔவையார் குறிப்பிடுகின்றார். வழியில் நேரக்கூடும் இடரை வீட்டு வாயிலிலேயே எண்ணிப் பார்த்த அறிவு அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மாட்டு வண்டி ஓட்டியவர்க்கு இருந்த அந்த முன்னெச்சரிக்கை, இன்று மணிக்கு நூறு கிலோமீட்டர் விரைவில் கார் ஓட்டும் நமக்கு உண்டா? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

ஒரு காரின் டயர் எந்நேரமும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவேயாகும். நான்கு டயர்களுக்கு நான்கு உள்ளங்கைகள். தாயும் தந்தையும் மக்களும் முதியோரும் ஏறி அமர்ந்த ஒரு குடும்பம் முழுவதையும் அந்த நான்கு உள்ளங்கைகளே தாங்கிச் செல்கின்றன. இயந்திரம் பழுதுற்றால் கார் நின்றுவிடும். விளக்குப் பழுதுற்றால் ஓரமாக நிறுத்திக் காத்திருக்கலாம். விரைந்து செல்லும்போது டயர் பழுதுற்றால் காத்திருக்க நேரம் ஏது?

தேய்ந்த டயர் ஆபத்தானது என்பதை அனைவரும் அறிவர். மேற்புறப் பள்ளங்கள் மறைந்து மொழுமொழுவென ஆகிவிட்டால், 'மொட்டை டயர்' என்று சிறுவர்கூடச் சொல்லிவிடுவர். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளும் காரின் டயரில் இருக்க வேண்டிய பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என வரையறுத்துள்ளன. ஆனால், பள்ளம் சற்றும் தேயாமல், கண்ணுக்குப் புதிது போலவே தோன்றும் டயரும் முதுமையால் உயிர் குடிக்கும் என்பதைப் பலர் அறியார். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், முதுமை தெரியாது. இவ்வேறுபாட்டை நம் மாணவச் செல்வங்களும் சமுதாயப் பெரியோரும் உணர வேண்டும் என்பதே நமது அவா.

ரப்பர் ஏன் முதுமை அடைகிறது?

வீட்டு மேசையின் இழுப்பறையில் ஈராண்டு, மூவாண்டு கிடந்த ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துத் தாள்களைக் கட்ட முயன்று பாருங்கள். இழுத்தவுடன் அறுந்துபோகும். அதனை எவரும் பயன்படுத்தவில்லை, எதிலும் உராயவில்லை, இருந்தும் அதன் வலிமை போயிற்று. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதனோடு மெல்லமெல்லக் கலந்து, அதன் நெகிழ்ச்சியை அழித்துவிட்டது. டயருக்கு நேர்வதும் இதுவே.

மரத்திலிருந்து வடியும் ரப்பர் தன்னியல்பில் வெயிலில் பிசுபிசுப்பாகவும் குளிரில் விறைப்பாகவும் மாறும் இயல்புடையது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும் என்று கண்டார். அம்முறைக்கு இடப்பட்ட பெயரே இன்றும் நம் ஊர்ப் பஞ்சர் கடைப் பலகைகளில் 'வல்கனைசிங்' என்று எழுதப்பட்டுத் தொங்குகிறது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி குலுங்காமல் ஓடும்பொருட்டுக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஒரு தந்தை தம் பிள்ளையின் மீது கொண்ட பரிவு, உலகெங்கும் உருளும் டயராயிற்று எனலாம்.

இன்றைய காரின் டயர் வெறும் ரப்பர் அன்று. அதனுள் நூலிழைத் தளங்களும், அவற்றின் மேல் எஃகுக் கம்பிகளால் ஆன பட்டைகளும் அடுக்கப்பட்டு, இவை யாவும் ரப்பரால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. அப்பிணைப்பே டயரின் உயிர்நாடி. டயருக்குள் அடைக்கப்பட்ட காற்றின் ஆக்சிஜன் உள்ளிருந்து ரப்பருக்குள் ஊடுருவுகிறது. வெளிக்காற்றும் ஓசோனும் வெயிலும் வெளியிலிருந்து தாக்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல எஃகுப் பட்டைகளின் விளிம்பில் உள்ள ரப்பர் இறுகி, நுண்ணிய விரிசல் காணத் தொடங்கும். அவ்விரிசல் உள்ளேயே வளரும். மேற்பரப்போ கறுப்பும் பளபளப்புமாய்க் காட்சி தரும்.

இம்முதுமையை விரைவுபடுத்துவது வெப்பம். வெப்பம் மிகுந்தால் இரசாயன மாற்றங்களின் வேகமும் மிகும் என்பது பள்ளிப் பாடம். சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலை நம் கால் பொறுக்காத அளவு கொதிக்கிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி விரிந்து தானும் சூடேறுகிறது. அளவுக்கு மீறிய சுமையும் கடும் விரைவும் சேர்ந்தால் கேட்க வேண்டுவதில்லை. உள்ளே வளர்ந்திருந்த விரிசல் ஒரு கணத்தில் வாய் திறக்கும். மேற்பட்டை பிய்த்துக்கொண்டு பறக்கும். மறுநாள் செய்தித்தாளில், 'டயர் வெடித்துக் கார் கவிழ்ந்தது' என்று வரும். இலக்கணம் கற்றோர் இத்தொடர்களைச் சற்றே நோக்க வேண்டும். வெடித்ததற்கு எழுவாய் டயர். கவிழ்ந்ததற்கு எழுவாய் கார். அவற்றைப் பேணாத மனிதருக்குத் தொடரில் இடமே இல்லை!

பிற நாடுகள் பெற்ற பாடம்

இவ்வுண்மையை உலகம் எளிதில் கற்றுவிடவில்லை. உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது.

அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் வாகனங்களில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் பல, ஓடும்போதே மேற்பட்டை பிரிந்து வாகனங்களைக் கவிழ்த்தன. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அவ்விபத்துகளோடு தொடர்புடையனவாக 270க்கும் மேற்பட்ட உயிரிழப்புகள் கணக்கிடப்பட்டன. டயரின் அமைப்பு, தயாரிப்பு, காற்றழுத்தம் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. எனினும் ஆய்ந்தோர் கண்ட இரு செய்திகள் நம் கருத்துக்கு உரியவை. டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா, கலிபோர்னியா போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களிலேயே இக்கேடு மிகுதியாக நேர்ந்தது. புதிய டயர்களைவிடச் சில ஆண்டுகள் கடந்த டயர்களிலேயே பட்டை பிரிதல் பெரிதும் காணப்பட்டது. வெப்பமும் காலமும் கைகோத்துச் செய்த கொடுமை அது. நமது நாட்டின் வெப்பத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் நேர்ந்தது இதனினும் உருக்கமானது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், வைட் தீவில் நடைபெற்ற இசை விழாவில் கலந்துகொண்ட இளைஞர்கள் லிவர்பூல் நகருக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தனர். சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் என்னும் ஊரை ஒட்டிய நெடுஞ்சாலையில் பேருந்தின் முன்சக்கர டயர் சிதைந்தது. பேருந்து சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் மாண்டனர். அந்த டயரின் வயது பத்தொன்பதரை ஆண்டுகள் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. மாண்ட இளைஞர் ஒருவரின் வயதோ பதினெட்டு. அவ்விளைஞர் பிறப்பதற்கு முன்னரே செய்யப்பட்ட டயர் அவர் உயிரைக் கொண்டு சென்றது! டயரின் வயதுக்கு வரம்பு கூறும் சட்டம் அந்நாளில் அங்கு இல்லை. மகனை இழந்த தாயார் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். அதன் பயனாக, 2021ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளிலிருந்து, பேருந்துகள், லாரிகள் ஆகியவற்றின் முன்சக்கரங்களில் பத்தாண்டுகளைக் கடந்த டயர்களைப் பயன்படுத்துவது அங்கே சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

2013ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கலிபோர்னியாவில் ஆங்கிலத் திரைப்பட நடிகர் பால் வாக்கர் கார் விபத்தில் மறைந்ததை மாணவர் பலர் அறிந்திருப்பர். அக்கார் விலையுயர்ந்த போர்ஷே வகையைச் சார்ந்தது. அளவு கடந்த வேகமே முதற்காரணம் எனக் கண்ட காவல்துறையினர், அதன் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழமை உடையன என்பதையும் உடன் சேர்த்துக் கூறினர். காரின் விலை எத்துணை உயர்ந்ததாயினும் டயரின் வயது அதற்காகக் காத்திராது.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் இளைஞர் பலரும் இதனை நேரில் அறிவர். தயாரிக்கப்பட்டு ஐந்தாண்டுகள் கடந்த டயர்களைப் பயன்படுத்தலாகாது என ஐக்கிய அரபு அமீரகம் விதி வகுத்துள்ளது. பாலைவன வெப்பம் டயரை என்ன செய்யும் என்பதை அந்நாட்டார் நன்கு உணர்ந்தவர்கள். அங்கே அவ்விதியைத் தவறாது பேணும் நம்மவர், தாயகம் திரும்பியதும் தம் வீட்டுக் காரின் டயரைக் குனிந்தும் பார்ப்பதில்லை.

நம் ஊர்களில் உறங்கும் கார்கள்

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களின் தெருக்களில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். பல வீடுகளின் முற்றத்தில் உறையிட்டு மூடிய கார் ஒன்று நிற்கும். உடையவர் துபாயிலோ, ஜித்தாவிலோ, கோலாலம்பூரிலோ இருப்பார். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் அவர் வரும்போது அந்தக் கார் உறக்கம் கலைந்து எழும். உறவினர் வீட்டுத் திருமணம், நாகூர், ஏர்வாடி, குற்றாலம், ஊட்டி என ஓயாது ஓடும். மீண்டும் உறையுள் புகும். 'பத்தாண்டுகளில் இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. புதுக்கார் போல வைத்திருக்கிறோம்' என்று வீட்டார் பெருமையோடு கூறுவர்.

அப்பெருமையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ரப்பர் விரைவில் கெடாதிருக்கச் சில பாதுகாப்புப் பொருள்களையும் மெழுகையும் டயர் செய்வோர் அதனுடன் கலக்கின்றனர். டயர் உருண்டு மடங்கி விரியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து காப்பு அளிக்கின்றன. ஓடாமல் நிற்கும் டயருக்கு அக்காப்பு முழுமையாகக் கிட்டுவதில்லை. ஒரே இடத்தில் சுமையைத் தாங்கி நிற்பதால் அதன் அடிப்பகுதி தட்டையாகிறது. காற்றும் தானே குறைகிறது. ஆகவே, குறைவாக ஓடிய கார் என்பது டயரைப் பொறுத்தவரை நற்சான்று ஆகாது.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் தகும். விடுப்பு முடிந்து அயல்நாடு செல்லும் உறவினர் ஒருவரை வழியனுப்ப, இராமநாதபுரத்திலிருந்து தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிராப்பள்ளி விமான நிலையம் நோக்கி அவருடைய காரிலேயே சென்றுகொண்டிருந்தோம். நண்பகல் வேளை. பின்னிருக்கையில் அவருடைய துணைவியாரும் முதிய தாயாரும் நான்கு வயதுப் பெண் குழந்தையும் இருந்தனர். புதுக்கோட்டையைக் கடந்தபின் வண்டியில் மெல்லிய அதிர்வு ஒன்று தோன்றியது. சாலை சரியில்லை போலும் என்று ஒருவர் கூறினார். சில நிமிடங்களில், யாரோ சம்மட்டி கொண்டு தகரத்தில் அடிப்பது போன்ற பேரொலி எழுந்தது. கார் வலப்புறமாக இழுத்தது. எதிரே சரக்கு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. தாயார் கலிமாவை ஓதத் தொடங்கிவிட்டார்.

கார் ஓட்டிய தம்பி பதற்றம் கொள்ளவில்லை. பிரேக்கை மிதிக்கவே இல்லை. ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பற்றி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி தானே வேகம் குறையும் வரை நேராகவே செலுத்தி, பின்னர் இடப்புறம் ஒதுக்கி நிறுத்தினார். அவ்வாறு செய்யாமல் திடீரென்று பிரேக்கை மிதித்திருப்பின், இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருப்போமா என்பது ஐயமே. இறங்கிப் பார்த்தபோது, பின்சக்கர டயரின் மேற்பட்டை ஒரு முழ நீளத்திற்குக் கிழிந்து தொங்கியது. எஃகுக் கம்பிகள் முள்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கிழியாத பகுதியிலோ பள்ளங்கள் ஆழமாக, புதியன போலவே இருந்தன.

மாற்றுச் சக்கரத்தைப் பூட்டி, கீரனூரை ஒட்டிய டயர் கடை ஒன்றுக்கு மெதுவாகச் சென்று சேர்ந்தோம். கடைக்காரர் முதியவர். கிழிந்த டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துவிட்டு, உறவினரை அழைத்து ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். "பாய், 2712-னு போட்டிருக்கு பாருங்க. பன்னெண்டாம் வருசத்து டயரு. இது ஓடித் தேயலை, நின்னே வீணாப் போயிருக்கு" என்றார். பின்னர் மாற்றுச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அதிலும் அதே ஆண்டு. "இதைப் போட்டுக்கிட்டு ஏர்போர்ட் வரைக்கும் போகாதீங்க பாய். சின்னப் புள்ளை இருக்கு" என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். வணிகத்திற்காகச் சொல்கிறார் என்று எவரும் எண்ணவில்லை. அவர் குரலில் அத்துணை அக்கறை இருந்தது. புதிய டயர் பூட்டப்பட்டது. உறவினர் ஊர் திரும்பும் காருக்கும் ஏனைய டயர்களை அன்றே மாற்றிவிடுமாறு பணம் கொடுத்துவிட்டே விமானம் ஏறினார்.

அந்த நான்கு இலக்கங்கள்

அம்முதியவர் காட்டிய நான்கு இலக்கங்களை வாசிக்கக் கற்பது எளிது. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் பல எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் நீள்வட்டக் கட்டம் ஒன்றுக்குள் பெரும்பாலும் நான்கு இலக்கங்கள் காணப்படும். முதல் இரண்டும் தயாரிக்கப்பட்ட வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2712 எனில், 2012ஆம் ஆண்டின் 27ஆவது வாரம். 0524 எனில், 2024ஆம் ஆண்டின் ஐந்தாவது வாரம். 2000ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்டவற்றில் மூன்று இலக்கங்களே இருந்தன. ஒரு புறத்தில் இவ்வெண் காணப்படாவிடின், டயரின் மறுபுறத்தில், அதாவது உட்பக்கத்தில் இருக்கும். குனிந்து பார்க்கும் அளவுக்கு நம் முதுகு வளைந்தால் போதும்.

டயருக்கு எத்தனை ஆண்டுகள்? ஐந்தாண்டுகள் கடந்தபின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்பதும், பத்தாண்டுகள் கடந்தபின், எவ்வளவு நன்றாகத் தோன்றினும், நீக்கிவிட வேண்டும் என்பதும் டயர் நிறுவனங்கள் பல கூறும் அறிவுரை. கார் நிறுவனங்கள் சில, பள்ளம் தேயாவிடினும் ஆறாண்டுகளில் மாற்றிவிடுக என்கின்றன. கடும் வெயிலும் கரடுமுரடான சாலையும் உடைய நம் பகுதிக்கு ஆறாண்டு வரம்பே பொருந்தும் என்பது நம் கருத்து.

புதிய டயர் வாங்கும்போதும் இவ்வெண்ணைப் பார்த்தல் வேண்டும். கடையில் நெடுநாள் அடுக்கி வைத்த டயர் விற்பனையில் புதிதே ஆயினும், வயதில் பழையது. பழைய டயர்களை வாங்கிக் கறுப்பு மெருகு பூசி மலிவாக விற்போரும் உண்டு. மலிவைக் கண்டு மயங்காமல் அந்த நான்கு இலக்கங்களைக் கண்டு தெளிதல் அறிவுடைமை.

காரின் பின்புறத்தில் உறங்கும் மாற்றுச் சக்கரத்தையும் மறத்தல் கூடாது. அதனை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம். இச்சொல் ஓர் தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டளவில் டேவிஸ் சகோதரர் இருவர் மாற்றுச் சக்கரம் செய்து விற்றனர். அத்தெருவின் பெயர் இந்தியாவிற்கு வந்து நம் பேச்சில் நிலைத்துவிட்டது. உமணரின் சேம அச்சுக்கு இன்றைய வழித்தோன்றல் இதுவே. ஆனால், சேமமாக வைத்த பொருளும் காலத்தால் சிதையும். தரையையே தொடாத ஸ்டெப்னிக்கும் ஏனைய நான்கின் வயதே ஆகும். ஆபத்தில் உதவ வேண்டிய அதுவே ஆபத்தாகிவிடுதல் ஆகாது.

பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

தனி மனிதரைவிடச் சமுதாயப் பொறுப்பில் உள்ள பெரியோர்க்கு இச்செய்தி இன்றியமையாதது. நம் ஜமாஅத்துகளும் அறநிலையங்களும் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் வாகனங்களை நடத்தி வருகின்றன. சாதி சமயம் பாராது உயிர் காக்கும் அப்பணி போற்றுதற்குரியது. ஆனால் அவ்வாகனங்களின் இயல்பை நோக்குக! பெரும்பொழுது நின்றுகொண்டே இருக்கும். அழைப்பு வந்ததும் நள்ளிரவிலும் கடும் வெயிலிலும் மதுரைக்கோ, தஞ்சைக்கோ பெருவிரைவில் பறக்கும். முதுமையுற்ற டயருக்கு இதனினும் கொடிய சோதனை வேறில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனமே விபத்துக்குள்ளாயின், அந்த அறத்தின் பயன் என்னாவது?

மதரசா வேன்களும், பள்ளி, கல்லூரிப் பேருந்துகளும் அவ்வாறே. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கிக் கொரோனாப் பெருந்தொற்றால் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது, அப்பேருந்துகள் வெட்டவெளியில் மாதக்கணக்கில் நின்றன. சக்கரங்கள் உருளவில்லை, கிலோமீட்டர்க் கணக்கும் ஏறவில்லை, டயர்களின் வயது மட்டும் ஏறிற்று. அந்நாளில் பூட்டியிருந்த டயர்கள் இன்னும் எவ்வாகனத்திலேனும் எஞ்சியுள்ளனவா என்பதை நிருவாகத்தினர் ஒருமுறை பார்த்துவிடுதல் நலம். ஒவ்வொரு வாகனத்திற்கும் ஒரு குறிப்பேடு வைத்து, அதில் எண்ணெய் மாற்றிய நாளை எழுதுவது போலவே, டயர்களின் நான்கிலக்க எண்ணையும் எழுதி வைக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு பேனா மைதான்.

செலவு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. ஒருநாள் திருமணத்திற்கு மண்டபத்தையும் மணமகனின் காரையும் மலர்களால் அலங்கரிக்கப் பெருந்தொகை செலவிடத் தயங்காத நாம், அக்கார் உருளும் டயர்களை மாற்றுவதற்கு, 'இன்னும் ஓராண்டு ஓடட்டுமே' என்று கணக்குப் பார்க்கிறோம். மாலையில் வாடும் மலருக்குத் தரும் மதிப்பை, மணமக்களைச் சுமந்து செல்லும் டயருக்குத் தரலாகாதா?

விதியும் மதியும்

விபத்து நேர்ந்தபின் ஆறுதல் கூறுவோர், 'எல்லாம் விதி' என்பர். இறைவன் நாட்டமின்றி எதுவும் நடவாது என்பது நம் நம்பிக்கை. துயருற்ற நெஞ்சுக்கு அதுவே மருந்து. ஆனால், துயர் வருமுன் செய்ய வேண்டுவதைச் செய்யாமல் விடுவதற்கு அந்நம்பிக்கையைச் சாக்காக்குதல் முறையாகாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனைச் சார்ந்திருக்கலாமா என வினவிய ஒருவருக்கு, முதலில் கட்டுமாறும், பின்னர் இறைவனைச் சார்ந்திருக்குமாறும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். பாலை வழிப் பயணிக்கு ஒட்டகத்தின் கயிறு எதுவோ, நம் காலத்துப் பயணிக்கு டயர் அதுவேயாகும். கயிற்றைக் கட்டாமல் கூறும் தவக்குல் நிறைவான தவக்குல் ஆகாது.

நம் வாகனத்தில் ஏறி அமர்வோர் நம்மை நம்பியே அமர்கின்றனர். டயரின் வயதைக் கேட்டறிந்து எவரும் ஏறுவதில்லை. அந்த நான்கு வயதுக் குழந்தை எதனை அறியும்? அவர்களின் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அன்றியும், பிய்ந்து பறக்கும் டயர்த் துண்டு நம்மோடு நிற்பதில்லை. பின்னால் மிதிவண்டியிலும் ஸ்கூட்டரிலும் வரும் ஏழை எளியோரையும் அது வீழ்த்தக்கூடும். வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் நற்செயலாகப் போற்றும் மார்க்கத்தைச் சார்ந்த நாம், நெடுஞ்சாலையில் எஃகு முள்ளை இறைத்துச் செல்லலாமா?

மாணவச் செல்வங்களே! நீங்கள் ஒவ்வொருவரும் இவ்வாரமே உங்கள் வீட்டு வாகனத்தின் அருகே குனிந்து, அந்த நான்கு இலக்கங்களை வாசித்து, தந்தையிடமோ மாமாவிடமோ கூறுங்கள். அயல்நாட்டில் இருப்பவராயின், எண்ணைக் குறித்துத் தெரிவியுங்கள். பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகளோ, கொப்புளம் போன்ற புடைப்போ கண்டால் உடனே சொல்லுங்கள். காற்றின் அளவு ஓட்டுநர் பக்கக் கதவின் உட்சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அதனைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நின்றே இருக்கும் காரை வாரம் ஒருமுறையேனும் சிறிது தொலைவு ஓட்டி வரச் சொல்லுங்கள். கற்ற கல்வி வீட்டு முற்றத்தில் ஓர் உயிரைக் காக்குமாயின் அதுவே கல்வியின் பயன்.

பயணத்தின் தொடக்கத்தில் துஆ ஓதுவது நம் மரபு. இனி, ஓதுமுன் ஒருமுறை குனிந்து டயரையும் பார்ப்போமாக! வெளியே சென்ற ஒவ்வொருவரும் நலமே வீடு திரும்பவும், எந்தத் தாயும் நெடுஞ்சாலையில் தன் மகவை இழவாதிருக்கவும் எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.